உப்பை இழுப்பதா, நீரைப் பிழிவதா: உவர்நீர் ஊருக்கு எந்தச் சவ்வு?

ஆழ்துளைக் கிணற்று நீரின் டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்துள்ள மொத்த உப்பு, லிட்டருக்கு 1500 மில்லிகிராமைத் தாண்டிவிட்ட ஓர் ஊரில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதென்று முடிவானவுடன், எழுதப்படும் முதல் குறிப்பிலேயே ‘மணிக்கு இத்தனை லிட்டர் ஆர்.ஓ.’ (எதிர்ச் சவ்வூடு பரவல்) என்ற சொற்கள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. எந்த முறை என்ற கேள்வி எழுவதற்கு முன்பே விடை எழுதப்பட்டுவிடுவதால், ஆர்.ஓ.வைவிட வயதில் மூத்ததும் சில வகை நீருக்கு அதற்கு ஈடுகொடுக்கக் கூடியதுமான, மின்சாரத்தால் உப்பை இழுத்துப் பிரிக்கும் மின்டயாலிசிஸ் முறை பரிசீலனைக்கே வருவதில்லை. இரண்டுமே பாலிமர் சவ்வுகளை நம்பியவை. ஆனால் அச்சவ்வுகளுக்குள் நடப்பது முற்றிலும் வேறு. உள்நாட்டு உவர்நீருக்கு, அதாவது டிடிஎஸ் 1000 முதல் 5000 வரையுள்ள நிலத்தடி நீருக்கு, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்த வேறுபாட்டிலிருந்து தொடங்கிப் பார்ப்பதுதான் சரியான வழி என்று கருதுகிறேன். கடல்நீர் இந்த விவாதத்தில் இல்லை. 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனில் அமைந்த நிலையங்கள் இரண்டுமே ஆர்.ஓ. முறையைச் சேர்ந்தவை, கடல்நீருக்கு அது ஏன் தவிர்க்க முடியாத தேர்வு என்பது கீழே வரும் கணக்கிலேயே விளங்கிவிடும்.

இரண்டு முறைகளும் ஒரே ஊரில் அடுத்தடுத்து அரங்கேறின என்பது இத்துறையின் சுவையான வரலாறு. கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் நிலத்தடி நீர் குடிக்க லாயக்கற்றதாக இருந்தது. குடிநீர் ரயிலில் வந்துகொண்டிருந்தது. 1950களின் இறுதியில் அங்கே மின்டயாலிசிஸ் நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 1965-இல் அதே ஊரில்தான், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோயப், சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் உருவாக்கிய செல்லுலோஸ் அசிடேட் சவ்வைக் கொண்டு ஆர்.ஓ. நிலையம் இயங்கத் தொடங்கியது. சௌரிராஜன் இந்தியாவிலிருந்து சென்றவர். பெயரைப் படித்ததும் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நினைவுக்கு வராத தமிழ் வாசகர் இருக்க மாட்டார். அதன் பிறகு ஆர்.ஓ. வளர்ந்த வேகத்தில் மின்டயாலிசிஸ் ஓரங்கட்டப்பட்டது. தொழில்நுட்பம் தோற்றதால் அப்படி நடந்தது என்று சொல்வதைவிட, உலகச் சந்தை கடல்நீரை நோக்கித் திரும்பியதால் நடந்தது என்று சொல்வதே பொருந்தும்.

அடிப்படை வேறுபாடு எளிது. ஆர்.ஓ.வில் நீர் சவ்வைக் கடக்கிறது, உப்பு பின்தங்குகிறது. மின்டயாலிசிஸில் உப்பு சவ்வுகளைக் கடக்கிறது, நீர் தன் வழியே ஓடிவிடுகிறது. அரிசியில் கல் கொஞ்சமாக இருந்தால் கல்லைப் பொறுக்குவோம். கல்லே மிகுதி என்றால் அரிசியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். டிடிஎஸ் 1500 என்பது ஆயிரம் லிட்டர் நீரில் ஒன்றரைக் கிலோ உப்பு. அந்த ஒன்றரைக் கிலோவில் ஒரு கிலோவை நீக்குவதற்காக ஆயிரம் லிட்டர் நீரையும் ஒரு மெல்லிய படலத்தின் வழியே பிழிந்தெடுப்பது சரியா என்பதுதான் கேள்வி.

ஆர்.ஓ. சவ்வில் உண்மையில் வேலை செய்யும் பகுதி, ஒரு மைக்ரோமீட்டரில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவான தடிமனுள்ள ‘அரோமாட்டிக்’ பாலிஅமைடு என்ற பாலிமர் படலம். இரண்டு வேதிப்பொருள்கள், ஒன்று நீரிலும் மற்றொன்று எண்ணெய் போன்ற கரைப்பானிலும் இருக்க, அவை சந்திக்கும் எல்லையில் நொடிகளில் உருவாகும் இந்தப் படலத்தை 1970களில் ஜான் காடோட் செம்மைப்படுத்தினார். இன்று கடைகளில் கிடைக்கும் ஆர்.ஓ. சவ்வுச் சுருள்கள் ஏறத்தாழ அத்தனையும் அதன் வழித்தோன்றல்களே. நீர் மூலக்கூறுகள் இப்படலத்தைக் கடக்கலாம். தன்னைச் சுற்றி நீர்க்கூட்டை இறுகப் போர்த்திய சோடியம் அயனிக்கோ அந்தக் கூட்டைக் கழற்றினாலொழிய இடமில்லை. நீர் இப்படலத்தில் கரைந்து பரவுகிறது என்ற கொள்கை 1965 முதல் பாடப்புத்தகங்களில் கோலோச்சியது. 2023-இல் யேல் பல்கலைக்கழகத்தின் மெனாக்கம் எலிமெலெக் குழுவினர், இல்லை, நுண்துளைகளின் வழியேதான் பாய்கிறது என்று கட்டுரை எழுதி அதை அசைத்தார்கள். அறுபதாண்டுக் காலம் விற்பனையான ஒரு பொருளின் இயக்கம் குறித்து இன்னும் சண்டை நடப்பது வாங்குபவருக்கு இடைஞ்சல் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது வேறொன்று. 1500 டிடிஎஸ் நீரின் சவ்வூடு அழுத்தம் வெறும் 1.3 பார்தான் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). ஆனாலும் கிராமத்து ஆர்.ஓ. எந்திரம் 8 முதல் 10 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. உப்பை வெல்வதற்குத் தேவைப்படும் அழுத்தம் சொற்பம். அந்த இறுகிய படலத்தின் வழியே நீரை ஓரளவாவது வேகமாகத் தள்ளுவதற்குத்தான் மீதி அத்தனையும் செலவாகிறது. உப்பு பாதியாகக் குறைந்தாலும் மின்கட்டணம் பாதியாகாது.

மின்டயாலிசிஸ் அடுக்கு வேறு விதமானது. இரு முனைகளிலும் மின்வாய்கள். நடுவே நூற்றுக்கணக்கான சவ்வுத் தாள்கள், நேரயனியை மட்டும் விடும் தாள், எதிரயனியை மட்டும் விடும் தாள் என்று மாறி மாறி, இடையில் வலைத் தாள்களுடன் அடுக்கப்பட்டிருக்கும். மின்னழுத்தம் கொடுத்தவுடன் சோடியம், கால்சியம் ஒரு பக்கமும், குளோரைடு, சல்ஃபேட் மறுபக்கமும் நகர, ஓர் இடுக்கில் நீர் இனிக்கிறது, அடுத்த இடுக்கில் கரிக்கிறது. இந்தத் தாள்கள் ஆர்.ஓ. படலத்தைப் போல இறுக்கமானவை அல்ல. நீரை உறிஞ்சி ஊதி நிற்பவை. அயனிகளைப் பிரித்தறியும் திறன் துளையின் அளவால் வருவதன்று. பாலிமர் சங்கிலியிலேயே பிணைக்கப்பட்ட மின்னூட்டத்தால் வருவது. சங்கிலி முழுவதும் எதிர்மின்னூட்டம் கொண்ட சல்ஃபோனேட் தொகுதிகள் இருந்தால், நேர்மின்னூட்ட அயனிகள் உள்ளே வரவேற்கப்படும். குளோரைடு வெளியே தள்ளப்படும்.

எவ்வளவு வலுவாகத் தள்ளப்படும்? ஃபிரெடெரிக் டொனான் 1911-இல் எழுதிய சமநிலை விதி ஒரு மதிப்பீட்டைத் தருகிறது. ஒரு கிராம் உலர்ந்த பாலிமரில் 2 மில்லிமோல் மின்னூட்டத் தொகுதிகள் இருந்து, அது 0.4 கிராம் நீரை உறிஞ்சுகிறது என்று கொண்டால், சவ்வுக்குள் இருக்கும் நீரில் மின்னூட்டச் செறிவு லிட்டருக்கு 5 மோல். வெளியே லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள நீர், அதாவது சுமார் 0.034 மோல். வெளிச்செறிவின் வர்க்கத்தை உள்மின்னூட்டச் செறிவால் வகுத்தால், உள்ளே நுழைந்துவிடும் குளோரைடின் அளவு 0.0002 மோல் என்று வருகிறது, ஏறத்தாழ ஒன்றுமில்லை. இதே சவ்வைக் கடல்நீரில் வைத்தால் அந்த அளவு 0.07 மோல், முந்நூறு மடங்கு. இந்தச் சவ்வு உப்பு குறைந்த நீரில் கறாரான காவலாளி, உப்பு மிகுந்த நீரில் கண்டும் காணாத காவலாளி. மின்டயாலிசிஸ் உவர்நீருக்கு உரியது, கடல்நீருக்கு உரியதன்று என்பதற்கு முதல் காரணம் சவ்வுக்கு உள்ளேயே இருக்கிறது.

டொனான் விதி சொல்வதும் ஆய்வகத்தில் அளப்பதும் பொருந்தாமல் இருந்தது நெடுங்காலச் சிக்கல். குளோரைடு எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே உள்ளே நுழைந்தது. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் வேதிப்பொறியியல் பேராசிரியர் பென்னி ஃபிரீமன், அவருடைய சக பேராசிரியர் டொனால்ட் பால், அப்போது அங்கே ஆய்வு மாணவராக இருந்த யோவான் காம்செவ் ஆகியோர் 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்குத் தந்த விளக்கம் அழகானது. ஜெரால்ட் மேனிங் என்ற வேதியியலாளர் 1969-இல் நீரில் கரைந்த மின்னூட்டச் சங்கிலிகளுக்காக எழுதிய கொள்கையை அவர்கள் சவ்வுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். சங்கிலியில் மின்னூட்டங்கள் மிக நெருக்கமாக அமைந்தால், நீரில் அந்த எல்லை சுமார் 0.7 நானோமீட்டர், சங்கிலிக்கு மாறான மின்னூட்டமுள்ள அயனிகளில் ஒரு பகுதி சங்கிலியின் மேல் படிந்துவிடுகிறது. அந்த அளவுக்குச் சங்கிலியின் மின்னூட்டம் மறைக்கப்பட்டு, விலக்கும் வலிமை குன்றுகிறது. மின்னூட்டத் தொகுதிகளைக் கூட்டிக்கொண்டே போனால் காவல் கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணத்துக்கு இதுவே வரம்பு. படிந்த அயனிகள் அசையாமல் கிடக்கின்றனவா என்றால் அதுவும் இல்லை; சங்கிலியை ஒட்டியபடியே சறுக்கி நகர்கின்றன என்றும், அந்த நகர்வு மற்ற அயனிகளின் நகர்வைவிட வேகமானது என்றும் பின்னர் வந்த அவர்களுடைய அளவீடுகள் காட்டின.

வாங்குபவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சவ்வுத் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டிய இரண்டு எண்கள் இங்கிருந்துதான் வருகின்றன: தாளின் மின்தடை, அயனித் தெரிவுத்திறன். இரண்டும் ஒரே திசையில் மேம்படுவதில்லை, ஏனென்றால் இரண்டையும் ஆள்வது சவ்வு உறிஞ்சும் நீரின் அளவு. சவ்வின் கன அளவில் 40 விழுக்காடு நீர் இருந்தால், அதற்குள் அயனி பரவும் வேகம் திறந்த நீரில் இருப்பதில் பதினாறில் ஒரு பங்கு என்று மக்கி, மியர்ஸ் ஆகியோரின் 1955-ஆம் ஆண்டுச் சூத்திரம் மதிப்பிடுகிறது. நீரை 30 விழுக்காடாகக் குறைத்தால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. நீரைக் குறைத்தால் மின்னூட்டம் செறிந்து காவல் இறுகும், ஆனால் தடை இரட்டிப்பாகும். நீரைக் கூட்டினால் தடை விழும், ஆனால் வேண்டாத அயனியும் நுழைந்து மின்சாரம் வீணாகும். தடையை மட்டும் போட்டுவிட்டுத் தெரிவுத்திறனைப் போடாத விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிடலாம்.

இனி மின்சாரக் கணக்கு. ஆயிரம் லிட்டரில் ஒரு கிலோ சாதாரண உப்பை நகர்த்த 17.1 மோல், அதாவது சுமார் 458 ஆம்பியர் மணி மின்னோட்டம் தேவை. இது ஃபாரடே விதி, இதில் பேரம் இல்லை. ஒரு சவ்வு இணைக்கு 0.8 வோல்ட், மின்னோட்டப் பயன்பாடு 90 விழுக்காடு என்று கொண்டால் 0.4 யூனிட் வருகிறது. நீரைச் சுழற்றும் பம்புக்கு 0.15 சேர்த்தால், 1500 டிடிஎஸ் நீரை 500-க்கு இறக்க ஆயிரம் லிட்டருக்கு 0.55 யூனிட். சிறிய ஆர்.ஓ. நிலையத்தில் 10 பார் அழுத்தம், உள்ளே போகும் நீரில் பாதி மட்டுமே குடிநீராக வரும் நிலை, பம்பும் மோட்டாரும் சேர்ந்து 50 விழுக்காடு திறன் என்று கொண்டால் 1.1 யூனிட். மின்டயாலிசிஸ் பாதிச் செலவில் முடிக்கிறது. மூல நீர் 3000 ஆனால் மின்டயாலிசிஸுக்கு 1.2 யூனிட்டும், அழுத்தத்தைச் சற்றே கூட்டிய ஆர்.ஓ.வுக்கு 1.3 யூனிட்டும் ஆகி, இரண்டும் நெருங்கிவிடுகின்றன. கடல்நீர் என்றால் மின்டயாலிசிஸுக்கு 14 யூனிட். இன்றைய பெரிய ஆர்.ஓ. நிலையங்கள் 3 முதல் 4 யூனிட்டில் முடிக்கின்றன. கடலோரத்தில் வாதம் ஏன் இல்லை என்பது இப்போது தெளிவு.

மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் ஏமஸ் விண்டரும் அவருடைய மாணவி நடாஷா ரைட்டும் 2014-இல் இந்தியக் கிராமங்களை மனத்தில் வைத்து வெளியிட்ட ஆய்வும் இதே போக்கைத்தான் சொல்கிறது: 1000 டிடிஎஸ் நீருக்கு மின்டயாலிசிஸ் ஆர்.ஓ.வைவிட 75 விழுக்காடு குறைந்த ஆற்றலிலும், 3000 டிடிஎஸ் நீருக்கு 30 விழுக்காடு குறைந்த ஆற்றலிலும் இயங்கும் என்பது அவர்கள் கணிப்பு. தெலங்கானாவின் செல்லூரு கிராமத்தில் சூரிய மின்சாரத்தில் இயங்கும் மாதிரி நிலையத்தையும் அக்குழு நிறுவிப் பார்த்தது. ஆனால் இந்த விழுக்காடுகளை வைத்து மட்டும் முடிவெடுப்பது சரியன்று. இரண்டாயிரம் பேருக்கு ஆளுக்கு 5 லிட்டர் என்றால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர். மேற்சொன்ன கணக்கின்படி மிச்சமாவது 5.5 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் 44 ரூபாய். நிலையத்தை இயக்குபவரின் ஒரு மணி நேரக் கூலிக்குச் சமமான இந்தத் தொகைக்காக யாரும் புதிய தொழில்நுட்பத்துக்கு மாற வேண்டியதில்லை.

மின்கம்பி வராத இடத்தில், அல்லது பகலில் வரும் வெயிலை மட்டும் நம்பி நடத்த விரும்பும் இடத்தில், கதை மாறுகிறது. ஆர்.ஓ. பம்புக்குக் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். மேகம் மறைத்தால் அழுத்தம் விழும், விழுந்தால் வரும் நீரின் தரமும் விழும், அதனால் பேட்டரி வேண்டும், பேட்டரி சில ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டும். மின்டயாலிசிஸில் வெயிலுக்கு ஏற்ப மின்னோட்டத்தையும் நீரோட்டத்தையும் ஏற்றி இறக்கலாம். மின்னோட்டம் குறைந்தால் உப்பு மெதுவாக நகரும், அவ்வளவுதான். விண்டர் குழுவினர் நியூமெக்சிகோவின் அலமோகோர்டோவில் உள்ள உவர்நீர் ஆய்வு நிலையத்தில் ஆறு மாதம் ஓட்டி 2024-இல் வெளியிட்ட முடிவுகளில், பேட்டரியை ஏறத்தாழ முழுவதும் தவிர்த்து, சூரியத் தகடுகள் தந்த மின்சாரத்தில் 94 விழுக்காட்டுக்கு மேல் நேரடியாகப் பயன்படுத்தி, நாளொன்றுக்கு 5000 லிட்டர் வரை நீர் எடுத்திருக்கிறார்கள். மின்டயாலிசிஸின் உண்மையான ஆற்றல் ஆதாயம் யூனிட் குறைவதில் இருப்பதைவிட, ஏறி இறங்கும் மின்சாரத்தோடு இசைந்துபோவதில் இருக்கிறது.

அடுத்தது கழிவுநீர். என் மதிப்பில் இதுவே மின்சாரத்தைவிடப் பெரிய கேள்வி. விற்பவர்கள் வேகமாகக் கடந்துபோகும் கேள்வியும் இதுதான். பாதி நீரைத் திருப்பித் தள்ளும் ஆர்.ஓ. நிலையம், பத்தாயிரம் லிட்டர் குடிநீருக்குப் பத்தாயிரம் லிட்டர் கழிவை வெளியேற்றும். அதன் டிடிஎஸ் ஏறத்தாழ மூவாயிரம். மின்டயாலிசிஸ், உள்ளே போகும் நீரில் 90 விழுக்காட்டைக் குடிநீராக மீட்டால் 1100 லிட்டர் கழிவு, டிடிஎஸ் சுமார் பத்தாயிரம். இரண்டையும் வெளியில் காயவைப்பதாக வைத்துக்கொள்வோம். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்றால், மின்டயாலிசிஸ் கழிவுக்கு ஐந்தரை சென்ட் தொட்டி போதும், ஆர்.ஓ. கழிவுக்கு அரை ஏக்கர் வேண்டும். அரை ஏக்கரை யாரும் கொடுக்கப்போவதில்லை என்பதால் அந்த நீர் வாய்க்காலில் போய், கடைசியில் அதே நிலத்தடிக்கே இறங்கி, அடுத்த கோடையில் மூல நீரின் டிடிஎஸ்ஸை உயர்த்துகிறது.

மின்டயாலிசிஸுக்குச் சாதகமாக இவ்வளவு சொன்ன பிறகு, ஆர்.ஓ.வைச் சரியாக நடத்தினால் என்ன ஆகும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. தரும் நீரின் டிடிஎஸ் 50 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அவ்வளவு தேவையே இல்லை. இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க அளவாக 500-ஐயும், வேறு ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் உச்சமாக 2000-ஐயும் வைத்திருக்கிறது. அப்படியானால் 1500 டிடிஎஸ் மூல நீரில் 31 விழுக்காட்டைச் சுத்திகரிக்காமலேயே ஆர்.ஓ. நீரோடு கலந்து 500-க்குக் கொண்டுவரலாம். சவ்வைக் கடக்க வேண்டியது பத்தாயிரத்துக்குப் பதில் 6900 லிட்டர் மட்டும். இதோடு, படிவுத் தடுப்பு மருந்தைச் சரியாகச் செலுத்தி, சுருள்களை வரிசையாக இணைத்து, மீட்பை 75 விழுக்காடாக உயர்த்தினால், கழிவு 2300 லிட்டர் ஆகிறது. மின்சாரம் ஆயிரம் லிட்டருக்கு 0.5 யூனிட். மின்டயாலிசிஸின் 0.55-ஐவிட இது கூடுதல் இல்லை! ஆர்.ஓ.வுக்கும் மின்டயாலிசிஸுக்கும் இடையிலுள்ள தூரத்தைவிட, ஒழுங்காக நடத்தப்படும் ஆர்.ஓ.வுக்கும் கைவிடப்பட்ட ஆர்.ஓ.வுக்கும் இடையிலுள்ள தூரம் அதிகம்.

கலப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மூல நீரில் உப்பைத் தவிர வேறு தீமை இருக்கக் கூடாது. ஃபுளோரைடு லிட்டருக்கு 5 மில்லிகிராம் உள்ள நீரில் 31 விழுக்காட்டைக் கலந்தால், அதிலிருந்தே 1.55 வந்துவிடும், தரம் அனுமதிக்கும் உச்சம் 1.5. அங்கே கலப்பு செல்லாது. மின்டயாலிசிஸும் அங்கே எளிதில் வெல்வதில்லை. நீர்க்கூட்டை இறுகப் பற்றிய ஃபுளோரைடு, எதிரயனிச் சவ்வுக்குள் குளோரைடைவிட மெதுவாகவே நகரும் என்பதால், டிடிஎஸ் மூன்றில் ஒன்றாகக் குறைந்தபோதும் ஃபுளோரைடு அந்த அளவுக்குக் குறைந்திருக்காது. 500-க்கும் கீழே இறக்கிக்கொண்டே போக வேண்டும், இறக்க இறக்க நீரின் மின்தடை ஏறும். நைட்ரேட் இதற்கு நேர்மாறு: அது எதிரயனிச் சவ்வை விரும்பிக் கடக்கும், ஆர்.ஓ. படலத்திலோ மற்ற உப்புகளைவிடக் கூடுதலாகக் கசியும். உரம் மிகுந்த வயல்களின் நடுவே இருக்கும் கிணறு என்றால் மின்டயாலிசிஸுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

மின்னூட்டம் இல்லாத எதையும் மின்டயாலிசிஸ் தொடாது என்பது அதன் பெரிய குறை. கிருமிகள், பூச்சிக்கொல்லி எச்சங்கள், மூவிணைதிற ஆர்சனிக் ஆகியவை குடிநீர்ப் பக்கத்திலேயே தங்கிவிடும், ஏனென்றால் குடிநீராக வரும் நீர் எந்தச் சவ்வையும் கடப்பதே இல்லை. ஆழ்துளைக் கிணறு மூடப்பட்டு, மேற்பரப்பு நீர் கலக்காமல் இருந்தால் குளோரினோ புற ஊதா விளக்கோ போதும். திறந்த கிணறு, ஏரியோரக் கிணறு என்றால் ஆர்.ஓ. படலத்தின் இறுக்கத்துக்கு ஈடில்லை. சிலிக்கா விஷயத்தில் இதே குறை நிறையாகிறது. மின்னூட்டமற்ற சிலிக்கா கழிவுப் பக்கத்தில் செறிவதில்லை, ஆகவே அது படியும் அபாயம் மின்டயாலிசிஸில் குறைவு. பாறைப் பகுதிகளில் ஆர்.ஓ.வின் மீட்பை 75-க்கு மேல் ஏற்ற விடாமல் தடுப்பது பல சமயம் இந்தச் சிலிக்காதான்.

பராமரிப்பில் இரண்டுக்கும் குணம் வேறு. பழைய ஆர்.ஓ. சுருள்களை நீளவாக்கில் அறுத்துப் பிரித்தால் நோய் கண்ணுக்குத் தெரியும்: வரிசையின் முதல் சுருளில் இரும்பும் நுண்ணுயிர்களும் சேர்ந்த பழுப்பு வழவழப்பு, கடைசிச் சுருளில் சொரசொரப்பான வெள்ளைப் படிவு. அந்த வெள்ளையின் மேல் கொஞ்சம் வினிகரை விட்டு நுரைத்தால் அது சுண்ணாம்பு. அமிலக் கழுவலில் மீண்டிருக்கும். நுரைக்காவிட்டால் சல்ஃபேட் அல்லது சிலிக்கா. சுருளின் ஆயுள் முடிந்தது. பாலிஅமைடுக்கு இன்னொரு எதிரி குளோரின். கிருமி நீக்கக் குளோரின் சேர்த்த நீரை அதை நீக்காமல் உள்ளே விட்டால் படலம் மெல்ல மெல்லச் சிதையும். குளோரினைத் தாங்கும் பாலிமர்களை ஃபிரீமன் குழுவினர், ஜேம்ஸ் மக்ராத்துடன் சேர்ந்து 2008-லேயே காட்டினார்கள் என்றாலும், கடைக்கு வந்து குவிந்திருப்பது இன்னமும் பாலிஅமைடுதான். மின்டயாலிசிஸில் 15, 20 நிமிடங்களுக்கு ஒருமுறை மின்வாய்களின் துருவத்தை மாற்றும் ஏற்பாடு 1970களிலிருந்தே உண்டு. கழிவு ஓடிய இடுக்கில் நன்னீரும் நன்னீர் ஓடிய இடுக்கில் கழிவும் ஓட, தொடங்கிய படிவு தானே கரையும். தாள்கள் தடிமனானவை, அடுக்கைப் பிரித்துத் துடைத்து மீண்டும் அடுக்க முடியும், பத்தாண்டு உழைக்கும் என்பது பொதுவான கணக்கு, ஆர்.ஓ. சுருளுக்கு மூன்றிலிருந்து ஐந்தாண்டு.

இவ்வளவு இருந்தும், அடுக்கு பழுதானால் யாரைக் கூப்பிடுவது? 4 அங்குல ஆர்.ஓ. சுருள் எந்த மாவட்டத் தலைநகரிலும் கடையில் கிடைக்கும். மாற்றத் தெரிந்தவர்களும் கிடைப்பார்கள். அயனிப் பரிமாற்றச் சவ்வுகளைச் செய்பவர்கள் உலகிலேயே சிலர்தான். குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் இரண்டு வகைச் சவ்வுகளிலும் பல ஆண்டுகளாக உழைத்து வந்தபோதிலும், உள்ளூர்ச் சந்தை என்ற ஒன்று மின்டயாலிசிஸுக்கு இன்னும் உருவாகவில்லை. முதலீட்டிலும் சவ்வுத் தாள்களின் விலையே பெரும்பகுதியை விழுங்கும். இவற்றுக்கு மாற்றாக, உப்பை மின்வாய்களிலேயே ஒட்டவைத்துப் பிரிக்கும் மின்தேக்க முறை ஒன்றும் பேசப்படுகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட டிடிஎஸ்ஸில் அதன் மின்வாய்கள் மிக விரைவில் நிரம்பிவிடுவதால் இங்கே அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஆக, தனித்து நிற்கும் ஒரே ஊராட்சி, மின்கம்பி உண்டு, பொறியாளர் தொலைவில் என்றால், ஆர்.ஓ.வையே வாங்கலாம், ஆனால் இப்போது வாங்கும் விதத்தில் வேண்டாம். கலப்புக் குழாயும், அதன் முடிவில் புற ஊதா விளக்கும், 75 விழுக்காடு மீட்பும் ஒப்பந்தப்புள்ளியில் எழுதப்பட வேண்டும். மூல நீர் 3000-ஐத் தாண்டினாலும், கிருமி அல்லது பூச்சிக்கொல்லிச் சந்தேகம் இருந்தாலும் ஆர்.ஓ.தான் விடை, ஆனால் அத்தகைய சந்தேகம் உள்ள மூல நீரைக் கலக்கக் கூடாது. பத்துப் பன்னிரண்டு ஊர்களின் நிலையங்களை ஒரே ஒப்பந்ததாரர் பராமரிக்கிறார், மூல நீர் 1000-க்கும் 2500-க்கும் இடையில், சிலிக்காவோ நைட்ரேட்டோ மிகுதி, கழிவுக்கு இடமில்லை, மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து: இவற்றில் குறைந்தது மூன்று பொருந்தினால், துருவ மாற்று மின்டயாலிசிஸை விலைப்புள்ளிக்கு அழைப்பதில் தயக்கம் தேவையில்லை, ஒரே உதிரி அடுக்கை வைத்துக்கொண்டு பன்னிரண்டு ஊர்களையும் ஓட்டிவிடலாம் என்பதால் உதிரிப்பாகக் கவலையும் பங்கிடப்பட்டுவிடுகிறது. டிடிஎஸ் 500-க்குக் கீழே இருக்கும் ஊருக்கு இரண்டுமே வேண்டாம். அத்தகைய நீருக்கு ஆர்.ஓ. கருவி கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது வீட்டுக் கருவிகளைப் பற்றி என்றாலும், ஊர்ப் பொது நிலையத்துக்கும் அந்த நியாயம் அப்படியே பொருந்தும்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும், விலைப்புள்ளி கோருவதற்கு முன் கிணற்று நீரைக் கோடையின் உச்சத்தில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் ஒருமுறை எனச் சோதிக்க வேண்டும். கையடக்க மீட்டர் காட்டும் டிடிஎஸ் எண் மட்டும் போதாது. கால்சியம், மக்னீசியம், சல்ஃபேட், சிலிக்கா, இரும்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்ட அறிக்கை வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன ஒவ்வொரு சாய்வும் இவற்றில் ஏதேனும் ஒன்றைப் பொறுத்தே அமைகிறது. அந்த அறிக்கையோடு, கழிவுநீர் எந்தச் சர்வே எண்ணில் போய் முடிகிறது என்ற ஒரு வரியையும் விண்ணப்பதாரர் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று நிபந்தனை வைத்தால், பாதி விண்ணப்பங்கள் அங்கேயே நின்றுவிடும்.